பூதக்கண்ணாடி கண்ணைக் கெடுக்காது

“எண்பது தாண்டிய அப்பு, ஆச்சிமாருக்குப் பூதக்கண்ணாடி குடுக்காதேங்கோ, மிச்சப் பார்வையும் போயிடும்” என்றொரு வட்ஸ்அப் செய்தி வன்னிக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. இது பிழை. வில்லை எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பார்வையைக் குறைப்பது கண்புரை, குளுக்கோமா, விழித்திரை நோய்கள். பழி மட்டும் கண்ணாடிக்கு.

“போட்டும் தெரியேல்லை” என்று ஆச்சி கண்ணாடியை மூலையில் வைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிக்கும் தூரம். வில்லையின் சக்தியை டயோப்டர் என்ற அலகில் சொல்வார்கள். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் பிடிக்கும் தூரம் சென்ரிமீற்றரில் வரும்: 20 டயோப்டர் வில்லை தாளிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். முகத்தை வில்லைக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஒரே பார்வையில் கூடுதல் எழுத்துகள் அகப்படும். சக்தி கூடக்கூடத் தெரியும் பரப்புச் சுருங்கும். ஆகச் சக்தி கூடியதை வாங்கிக் கொடுப்பது உதவியல்ல. கை நடுங்கினால் தாளில் ஊன்றி நிற்கும் வகை நல்லது. விளக்கு பக்கவாட்டிலிருந்து தாளில் விழட்டும், கண்ணில் அல்ல. சாப்பாட்டிலும் இப்படி உதவலாம்: வெள்ளைச் சோறு எடுப்பாகத் தெரியக் கடும் நிறக் கோப்பை.

முதலில் கண்புரையா என்று பாருங்கள். சத்திரசிகிச்சைக்கு வயது மட்டும் தடையல்ல. வவுனியா, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக் கண் கிளினிக்குகளில் கேட்டு உறுதிசெய்யலாம். திடீரெனப் பார்வை மங்கினால் அன்றைக்கே போங்கள்.

அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள். எச்சரிக்கத்தான் வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள்: பூதக்கண்ணாடியை வெயில் விழும் யன்னலோரம் வைக்கக்கூடாது, கீழே கிடக்கும் பேப்பர் பற்றிக்கொள்ளும்.