செந்தோசாவுக்குப் போகிறவர்கள் செந்தோசாவில்தான் தங்க வேண்டுமா?

என் சித்தப்பா மகன் போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். மே மாத விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போவதாகவும், அந்தத் தீவிலேயே கடற்கரையை ஒட்டிய ஓட்டல் ஒன்றில் மூன்று இரவுகளுக்கு அறை பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னான். அவன் சொன்ன வாடகையைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பார்க்குக்குப் பக்கத்திலேயே இருந்துட்டா அலைச்சல் மிச்சம்தானே, அண்ணே?" என்பது அவன் தரப்பு நியாயம். அதற்கு அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை, இதே கேள்வியோடு இந்தக் கோடையில் கிளம்ப இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து நாங்கள் ஐந்து பேர் போனோம். நானும் மனைவியும், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், என் அம்மா. நான்கு இரவுகள் தங்கினோம். தங்கும் பகுதியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தோம், அறையில் கோட்டைவிட்டோம். இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் பகுதி. செந்தோசா தீவுதான் என்றாலும் கப்பல் ஏறிப் போகும் தூரத்தில் இல்லை. ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி என்ற பெரிய வணிக வளாகம் இருக்கிறது. அதன் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் என்னும் மோனோரயில் புறப்படுகிறது. தீவுக்குள் நுழைய அதற்கு ஆளுக்கு 4 வெள்ளி. திரும்பி வரும்போது கட்டணம் கிடையாது. (சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், நான்கு நாள் இருந்ததில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.) அந்த 4 வெள்ளியும் வேண்டாம் என்றால் விவோசிட்டியின் கடலோரத்திலிருந்து செந்தோசா போர்டுவாக் என்ற நடைபாலம் இருக்கிறது, அதில் கட்டணமில்லாமல் நடந்தே போகலாம். முக்கால் கிலோமீட்டர்கூட இராது. பாலத்தைத் தாண்டிச் சற்று நடந்தால் யுனிவர்சல் ஸ்டுடியோஸின் சுழலும் பூமி உருண்டை கண்ணுக்குத் தெரியும். ஆக, பூங்கா தீவின் நடுவில் எங்கோ இல்லை, தீவின் தலைவாசலிலேயே இருக்கிறது.

தம்பி பார்த்து வைத்த ஓட்டலோ தீவின் தென்புறக் கடற்கரைப் பக்கம். அங்கிருந்தும் பூங்காவுக்கு மோனோரயிலோ பேருந்தோ ஏறித்தான் வர வேண்டும். தீவுக்குள் அவற்றுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் காத்திருப்பதும் ஏறி இறங்குவதும் உண்டு. தீவு ஓட்டல் என்றாலே பூங்கா வாசலில் இருக்கும் என்று எண்ணிப் பல மடங்கு வாடகை கொடுப்பவர்கள், வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

நாங்கள் தங்கியது ஃபேரர் பார்க் நிலையத்துக்கு அருகில். 2003இல் தொடங்கிய வடக்கு-கிழக்கு ரயில் பாதையின் ஒரு முனை ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து ஊட்ரம் பார்க், சைனாடவுன், கிளார்க் கீ, தோபி காட் என்று வந்தால் ஐந்தாவது நிலையம் லிட்டில் இந்தியா, ஆறாவது ஃபேரர் பார்க். வண்டி மாற வேண்டியதில்லை, கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வரைபடத்தில் ஊதா நிறத்தில் இருக்கும் இந்தப் பாதையின் ஓரமாக அறை தேடுங்கள் என்பதுதான் தம்பிக்கு நான் சொன்ன முதல் யோசனை.

இதன் அருமை எனக்குப் பூங்காவுக்குப் போன அன்று மாலைதான் புரிந்தது. பெரிய விளையாட்டுகளில் பலவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 சென்டிமீட்டர், மம்மி ரோலர்கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர். மகனை எதிலும் ஏற்றவில்லை. நான்கு மணிக்கே அவன் சிணுங்கத் தொடங்கினான், அம்மாவுக்கும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இவனைக் கூட்டிக்கிட்டு ரூமுக்குப் போறேன், நீங்க பொண்ணோட இருந்து பார்த்துட்டு வாங்க" என்றார். எனக்கு மனமே இல்லை. அம்மா சென்னையில்கூடத் தனியாக மெட்ரோ ஏறியவர் அல்லர். ஆனால் அந்தப் பாதையில் ஹார்பர்ஃபிரண்ட் கடைசி நிலையம் என்பதால் அந்த நடைமேடையில் எந்த வண்டியில் ஏறினாலும் ஒரே திசைதான். லிட்டில் இந்தியா நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது. "தமிழில் லிட்டில் இந்தியான்னு போட்டிருக்கும், அதுக்கு அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். முக்கால் மணி நேரத்தில் அறையிலிருந்து தொலைபேசி வந்தது. இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டிய பகுதியில் அறை எடுத்திருந்தால், அன்று நாங்கள் எல்லோருமே நான்கு மணிக்குக் கிளம்பியிருப்போம். மகளுக்கான டிக்கெட் பணத்தில் பாதி வீணாகியிருக்கும்.

வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் உரிய இருக்கை இருந்தாக வேண்டும் என்பது சட்டம். டாக்சிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. செயலி வழியாக வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. சிறு பிள்ளைகளோடு நின்றால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார், அது அவர் குற்றமும் அன்று. இருக்கையோடு வரும் காருக்குக் கட்டணம் கூடுதல். அதனால், "ஸ்டேஷனிலிருந்து தூரம்தான், ஆனால் கார் பிடித்தால் பத்தே நிமிடம்" என்ற விளம்பரத்தைக் குடும்பத்தோடு போகிறவர்கள் நம்ப வேண்டாம்.

லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள தேக்கா வட்டாரத்தில் தங்குவதன் இன்னொரு லாபம் சாப்பாடு. ஓட்டல் காலை உணவை நாங்கள் சேர்க்கவே இல்லை. 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் உணவகம் சிராங்கூன் சாலையிலேயே இருக்கிறது, தேக்கா சந்தைக் கட்டடத்தின் உணவங்காடியோ லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. ஐந்து பேருக்கு ஓட்டல் காலை உணவுக்குக் கேட்ட தொகையில் எங்கள் காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் முடிந்தன. பிள்ளைகள் தோசை இல்லாமல் மூன்றாவது நாளைத் தாண்ட மாட்டார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

இந்தப் பகுதியைப் பற்றி இணையத்தில் நம்மவர்கள் எழுதும் ஒரு குறையைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூட்டம் தாங்க முடியாது, குடும்பத்துக்கு ஏற்ற இடம் அன்று என்கிறார்கள். கூட்டம் உண்மை. வாரம் முழுதும் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் அன்று ஒரு நாள்தான் வெளியே வருகிறார்கள். புதுக்கோட்டையும் சிவகங்கையும் அங்கே புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கின்றன. என் அம்மா வழி கேட்டபோது கூடவே நடந்து வந்து ஓட்டல் வாசலில் விட்டுப் போனவர் அவர்களில் ஒருவர்தான். ஞாயிறு மாலை இரைச்சல் வேண்டாம் என்றால் சனி, ஞாயிறு சேராத நாள்களில் போங்கள். வார இறுதியில் வாடகையும் ஏறும், பூங்காவிலும் வரிசை நீளும்.

இனி நாங்கள் கோட்டைவிட்ட கதை. பெயர் சொல்ல வேண்டாம், நடுத்தரமான ஓட்டல்தான். படங்களில் பளிச்சென்று இருந்தது, வாடகையும் அக்கம்பக்கத்தைவிடக் குறைவு. போய்க் கதவைத் திறந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்த ரூமுக்குச் சன்னல் எங்கடா?" என்பதுதான். திரைச்சீலை இருந்தது, விலக்கிப் பார்த்தால் பின்னால் சுவர். சிங்கப்பூரின் மலிவு ஓட்டல்களில் சன்னல் இல்லாத அறைகள் சாதாரணம் என்பதும், முன்பதிவுப் பக்கத்தில் அறை விவரத்தின் அடியில் சிறிய எழுத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தன. ஒரு இரவுக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் பூங்காவில் ஜுராசிக் பார்க் படகுச் சவாரி என்று ஒன்று இருக்கிறது, அதில் ஏறியவர் உள்ளாடை வரை நனைந்துதான் இறங்குவார். நானும் மகளும் இரண்டு முறை ஏறினோம். அன்று இரவு என் ஜீன்ஸ், அவளுடைய பாவாடை, இரண்டு பேரின் காலணிகள் எல்லாவற்றையும் குளியலறைக் கம்பியிலும் நாற்காலி முதுகிலும் தொங்கவிட்டோம். காற்றுப் போக வழியில்லாத அறையில் காலையில் அவை அப்படியே சொட்டாத ஈரமாக இருந்தன, அறை முழுதும் ஊறிய சாக்கின் வாடை அடித்தது. தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒரு மணி நேரம் காலணியை உலர்த்தியதுதான் எங்கள் மூன்றாம் நாள் காலை நிகழ்ச்சி. அறை விவரத்தில் சன்னல் இருக்கிறதா என்றும், துணி துவைத்து உலர்த்தும் இயந்திரம் உண்டா என்றும் பாருங்கள். நீச்சல் குளத்துக்குக் கொடுக்கும் காசைவிட அது பயனுள்ளது.

அடுத்தது ஆள் கணக்கு. நம்மில் பலர் இரண்டு பெரியவர்கள் என்று போட்டு அறையைப் பதிவு செய்துவிட்டு நான்கு பேராய்ப் போய் நிற்கிறோம். ஊட்டியில் கூடுதல் மெத்தை போட்டுத் தருவார்கள், ஆனால் சிங்கப்பூரில் ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்றால் அத்தனை பேர்தான். நாங்கள் வரவேற்பு மேசையில் நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு குடும்பத்திடம் மேசையில் இருந்த பெண் பணிவாக, ஆனால் அசையாமல், "சார், இந்த ரூம் மூணு பேருக்குத்தான். இன்னொரு ரூம் எடுத்துக்கணும்" என்றார். அன்றைய விலைக்கு இரண்டாவது அறை எடுத்தார்கள். பிள்ளைகளின் வயதை உள்ளபடி போட்டுத் தேடினால் முதலில் கூடுதலாகத் தெரியும் தொகைதான் உண்மையான தொகை. ஐந்து பேர் என்றால் பெரும்பாலும் இரண்டு அறைகள். நான்கு பேருக்கான குடும்ப அறைகள் உண்டு, ஆனால் பள்ளி விடுமுறையில் அவைதான் முதலில் தீரும். நம் மே விடுமுறை முடியும் நேரத்தில் அவர்களுடைய ஜூன் விடுமுறையும் தொடங்கிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாடகைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதையும் சேர்த்த தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் வரும் என்று பொருள். 200 வெள்ளி என்று போட்ட அறை, கட்டும்போது 239 வெள்ளி 80 காசு ஆகும். மூன்று இரவுகளுக்கு ஏறத்தாழ 120 வெள்ளி கூடுதல். ஓர் ஓட்டலின் குறி போட்ட விலையையும் இன்னோர் ஓட்டலின் எல்லாம் சேர்ந்த விலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் ஏமாந்தது நான்தான்.

வீடு வாடகைக்கு எடுத்தால் சமைத்துக்கொள்ளலாமே என்று தம்பி கேட்டான். கொடைக்கானலில் அது நல்ல யோசனை. சிங்கப்பூரில் தனியார் வீட்டைத் தொடர்ந்து மூன்று மாதங்களுக்குக் குறைவாகவும், வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டை ஆறு மாதங்களுக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவதே சட்டவிரோதம். இணையத்திலோ தெரிந்தவர் மூலமாகவோ நான்கு நாளைக்கு வீடு தருகிறேன் என்று யாராவது சொன்னால் முன்பணம் அனுப்பாதீர்கள்.

உறவினர் வீட்டில் தங்குவது தனிக்கதை. எங்களுக்கும் அங்கே ஒரு மாமா வீடு இருக்கிறது. வாருங்கள் என்று மனதாரச் சொல்வார்கள், ஆனால் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒரே குளியலறைக்குக் காலை ஆறு மணிக்கு ஐந்து பேர் கூடுதலாக வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வேளை விருந்துக்குப் போனோம், அதுவே இரு தரப்புக்கும் நிறைவாக இருந்தது.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கினால் பாதி விலை என்பதும் உண்மைதான். அதற்காக ஒவ்வொரு நாளும் இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலத்தின் இரு முனைகளிலும் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். பூங்காவில் ஒன்பது மணி நேரம் நடந்த பிள்ளைகளோடு இரவு அந்த வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. லெகோலேண்டு கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் போகிறீர்கள் என்றால் பேச்சே வேறு, அது ஜொகூர் பக்கம்தான் இருக்கிறது, அங்கேயே தங்குங்கள். சிங்கப்பூரின் கேலாங் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் அறைகளைப் பற்றி ஒரே வரி: அங்கே மணிக்கணக்கில் அறை விடும் ஓட்டல்களும் உண்டு, குடும்பத்தோடு போகிறவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது.

செந்தோசாவில் தங்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. மதியம் தூங்கியே தீர வேண்டிய இரண்டு வயதுக் குழந்தை இருந்தாலோ, அதிகம் நடக்க முடியாத பெரியவர் இருந்தாலோ, பூங்காவுக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கும் அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் உண்டு; டிக்கெட்டில் மறுநுழைவு உண்டா என்று மட்டும் வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்று இரவுகளையும் அங்கே கழிக்க வேண்டியதில்லை, பூங்கா நாளை ஒட்டிய ஓர் இரவு போதும். இரவு விமானத்தில் போய் விடியற்காலையில் சாங்கியில் இறங்குகிறவர்கள் அன்றே பூங்காவுக்கு ஓட வேண்டாம். அறை பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பைகளை ஓட்டலில் வைத்துவிட்டுத் தேக்காவில் சுற்றிவிட்டு, பூங்காவை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கடற்கரை ஓட்டலை விட்டுவிட்டு இப்போது ஃபேரர் பார்க் பக்கம் இரண்டு அறைகள் பார்த்திருக்கிறான். படத்தில் அழகான திரைச்சீலை தெரிகிறது. பின்னால் சன்னல் இருக்கிறதா என்று ஓட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, அதுவரை பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.