கோல் போட்டவரும் கோல் தடுத்தவரும்

கால்பந்தில் முன்னாள் ஸ்ட்ரைக்கர் ஒருவர் மேனேஜராகி, நாலு ஆட்டம் தோற்று, வேலையும் போய்விட்டால் போதும். "கோல் போடத் தெரிந்தவனுக்கு அணி நடத்தத் தெரியாது" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். முன்கள வீரன் சுயநலக்காரனாம். பந்து தன் காலுக்கு வருகிறதா என்பதைத் தவிர மைதானத்தில் வேறெதையும் பார்த்திருக்க மாட்டானாம். அண்மையில் ஒரு நண்பரும் இதையே சொன்னார். ஸ்ட்ரைக்கராக இருந்து இங்கிலாந்தின் புகழ்பெற்ற மேனேஜரான பிரையன் கிளஃப் இருக்கிறாரே என்றேன். "அவர் விதிவிலக்கு" என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிட்டார். விதிவிலக்கு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்கிற தொல்லை இல்லை பாருங்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எரிச்சல் ஒருபுறம் இருக்க, நண்பர் சொன்னதில் பாதி சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோல் பசி கொண்டவன் தனியாக ஒரு அணியை நடத்தினால் தடுமாறத்தான் செய்வான். கிளஃபும் தடுமாறியிருக்கிறார். அவர் ஜெயித்தபோதெல்லாம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அவர் எப்பேர்ப்பட்ட ஸ்ட்ரைக்கர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1935இல் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். சொந்த ஊர் அணிக்கும் பிறகு சண்டர்லாண்டுக்கும் சேர்த்து 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள். கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாம் டிவிஷனில், அதாவது லீக்கின் உச்சத்துக்கு ஒரு படி கீழே, போட்டவைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று சொல்லத்தக்க கணக்கு அது. இங்கிலாந்து அணிக்கு 1959இல் இரண்டே ஆட்டம் கொடுத்தார்கள், கோல் வரவில்லை, அதோடு சரி.

மிடில்ஸ்பரோ ஆட்டங்களில் எனக்கு மறக்காதது 1960 அக்டோபரில் சார்ல்டனுக்கு எதிராக நடந்தது. கிளஃப் மூன்று கோல் போட்டார். அணி மொத்தம் ஆறு கோல் போட்டது. ஜெயிக்கவில்லை! 6-6. முன்னால் நின்று விளையாடிய எவனுக்கும் அந்த வயிற்றெரிச்சல் புரியும். பள்ளி நாட்களில் நானும் முன்வரிசையில் நின்றவன்தான். இரண்டு கோல் போட்டுவிட்டுத் தோற்ற நாளில் எங்கள் கோல்கீப்பரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன். கிளஃப் என்னைவிட ஒரு படி மேலே போனார். சொந்த அணியிலேயே சிலர் வேண்டுமென்று கோல் விடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டார், பிற்காலத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். நான் போடுகிற கோல்கள் பின்னால் ஒழுகிப் போகின்றனவே என்ற ஆத்திரம் அவருக்குள் எவ்வளவு ஆழமாகத் தங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

1962 டிசம்பர் 26. சண்டர்லாண்டின் ரோக்கர் பார்க் மைதானம், உறைந்து இறுகிய தரை. பரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைத் துரத்தி ஓடினார் கிளஃப். எதிரே பாய்ந்து வந்தார் கோல்கீப்பர் கிறிஸ் ஹார்க்கர். மோதலில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. வயது 27. 1964இல் திரும்பி வந்து மூன்று ஆட்டம் விளையாடி, ஒரு கோலும் போட்டார். அதற்குமேல் கால் ஒத்துழைக்கவில்லை.

ஒரு கோல்கீப்பரோடு மோதியதில் அவருடைய ஆட்டக்கார வாழ்க்கை முடிந்தது என்றால், அடுத்த வாழ்க்கையைத் தொடங்கி வைத்தவரும் ஒரு கோல்கீப்பர்தான். பீட்டர் டெய்லர். 1955இல் மிடில்ஸ்பரோவுக்கு வந்தவர், கிளஃபைவிட ஆறேழு வயது மூத்தவர், ஆட்டத்தில் சுமார் ரகம். ஆனால் ஆட்களை எடைபோடும் கண் அபாரம். ரிசர்வ் வரிசையில் கிடந்த கிளஃபைப் பார்த்து, இவன்தான் இங்கே ஆகச் சிறந்தவன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர்தான். 1965இல் ஹார்ட்டில்பூல்ஸ் என்ற ஏழை அணிக்கு முப்பது வயதில் மேனேஜரானார் கிளஃப். டெய்லரோ பர்ட்டன் அல்பியனில் தான் பார்த்த மேனேஜர் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். உதவி மேனேஜருக்குச் சம்பளம் கொடுக்க அந்தக் கிளப்புக்கு வசதி கிடையாது. வாளியும் ஸ்பாஞ்சும் தூக்குகிற 'ட்ரெய்னர்' என்ற பெயரில் உட்கார்ந்தார்.

1967இல் டெர்பி கவுண்டி. அங்கே இருவரும் ஆரம்பத்திலேயே தேடிப் போனவர்களில் ஒருவர் யார் என்று பாருங்கள். ராய் மெக்ஃபார்லாண்ட் என்ற இளம் தற்காப்பு வீரரின் வீட்டுக்கு இரவில் போய், தூக்கத்திலிருந்து எழுப்பி, பைஜாமாவோடு உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த ஆண்டு, கால் ஓய்ந்துவிட்டது என்று ஊரே நினைத்த டேவ் மெக்கையை டாட்டன்ஹாமிலிருந்து கொண்டுவந்து பின்வரிசையில் நிறுத்தினார்கள். 1969இல் இரண்டாம் டிவிஷன் பட்டம், 1972இல் இங்கிலாந்தின் லீக் பட்டம்.

பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு உயிர். 1974இல் கிளஃப் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். டெர்பிக்குப் பிறகு இருவரும் சேர்ந்து போயிருந்த பிரைட்டன் அணியிலேயே டெய்லர் தங்கிவிட்டார். அந்த லீட்ஸ் அத்தியாயம் 44 நாட்களில் முடிந்தது. பதக்கங்களையெல்லாம் குப்பைத் தொட்டியில் போடுங்கள், ஏமாற்றி வாங்கியவைதானே என்று சாம்பியன் வீரர்களின் முகத்துக்கு நேரே சொன்னவரை அவர்கள் வேறெப்படி நடத்துவார்கள்? பக்கத்தில் டெய்லர் இருந்திருந்தால் அந்த வாயை அடைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குத் தனியாகப் போனார். இரண்டாம் டிவிஷனில் அந்த ஆண்டு 16ஆம் இடம், அடுத்த ஆண்டு 8ஆம் இடம். 1976 ஜூலையில் டெய்லர் வந்தார். 1977இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றம், 1978இல் சாம்பியன், 1979இலும் 1980இலும் ஐரோப்பாவின் சாம்பியன் கிளப்புகள் மோதுகிற யூரோப்பியன் கோப்பை.

இந்த ஃபாரஸ்ட் அணியைக் கிளஃபின் அணி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது டெய்லர் என்ற கோல்கீப்பர் கட்டிய அணியாகவே தெரிகிறது. கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனை வாங்கினார்கள். பர்மிங்ஹாமில் முன்கள வீரராக இருந்த கென்னி பர்ன்ஸை வாங்கித் தற்காப்பில் தள்ளினார்கள். 1978இல் கால்பந்து எழுத்தாளர்களின் ஆண்டின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. அந்த லீக் பட்டத்தை வென்றபோது 42 ஆட்டங்களில் எதிரணிகள் இந்த அணிக்கு எதிராகப் போட்ட கோல்கள் 24 மட்டுமே. 6-6 ஆட்டத்தில் வயிறெரிந்தவருக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்?

இரண்டு யூரோப்பியன் இறுதி ஆட்டங்களும் 1-0 என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1979இல் மியூனிக்கில் மால்மோவுக்கு எதிராக, ஜான் ராபர்ட்சன் இடப்பக்கத்திலிருந்து தூக்கிப் போட்ட பந்தைத் தலையால் உள்ளே தள்ளினார் ட்ரெவர் பிரான்சிஸ். பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் வீரர் அவர். அடுத்த ஆண்டு மாட்ரிட்டில் ஹாம்பர்க்குக்கு எதிராக அவர் இல்லை, காயம். முன்னால் கேரி பர்ட்டில்ஸ் ஒருவர்தான் தனியாக ஓடி ஓடிக் களைத்தார். ராபர்ட்சன் ஒரு கோல் போட்டார், மீதி நேரம் முழுக்க ஷில்டனின் கைகள். பயிற்சிக்கு நல்ல புல்தரை கிடைக்காமல் மாட்ரிட் சாலை ரவுண்டானா ஒன்றின் புல்மீது ஷில்டன் பாய்ந்து பாய்ந்து பந்து பிடித்ததாக அந்த அணியினர் பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சுற்றிலும் கார்கள் போய்க்கொண்டிருக்க, நடுவில் ஒரு கோல்கீப்பர்! ஆட்டத்துக்கு ஒரு கோல் போட்ட மனிதர் தன் வாழ்க்கையின் உச்சத்தை எட்டியது இப்படித்தான்.

தான் கடையின் கண்ணாடி ஜன்னல், சரக்கு உள்ளே இருக்கிற டெய்லர்தான் என்று கிளஃபே சொன்னதுண்டு. அவ்வளவு தெரிந்திருந்தும் அந்த நட்பை அவர் காப்பாற்றவில்லை. 1982இல் டெய்லர் ஓய்வு என்று விலகி, சில மாதங்களிலேயே டெர்பியின் மேனேஜரானார். 1983இல் ராபர்ட்சனை டெர்பிக்கு எடுத்துக்கொண்டார், கிளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அதோடு பேச்சு நின்றது. நியாயமாகப் பார்த்தால் டெய்லர் போனபிறகு கிளஃப் ஒன்றும் சரிந்துவிடவில்லை. லீக்கில் மூன்று முறை மூன்றாம் இடம், 1989இலும் 1990இலும் லீக் கோப்பை. மோசமென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் லீக் பட்டமோ யூரோப்பியன் கோப்பையோ திரும்ப வரவில்லை. 1993இல் ஃபாரஸ்ட் கீழே இறங்கியது, அவரும் விடைபெற்றார்.

1990 அக்டோபரில் டெய்லர் இறந்தபோது அந்தச் சண்டை தீர்ந்திருக்கவில்லை. ஒரு ஆட்டக்காரரை முன்வைத்து ஏழு ஆண்டு மௌனம். இந்த இடத்தில் எனக்குக் கிளஃப் மீது கோபம்தான் வருகிறது, எவ்வளவு பிடித்த மனிதராக இருந்தாலும். இறுதிச் சடங்குக்குப் போனார். பிறகு தன் சுயசரிதையை டெய்லருக்குக் காணிக்கையாக்கினார்.

2004இல் கிளஃபும் போய்ச் சேர்ந்தார். மூன்று ஊர்களில் அவருக்குச் சிலை இருக்கிறது. மிடில்ஸ்பரோ பூங்காவில் பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டபடி நடக்கிற இளைஞர். நாட்டிங்ஹாமில் இரு கைகளையும் கோத்து உயர்த்தியபடி தனியாக நிற்கிற மேனேஜர். டெர்பி மைதானத்துக்கு வெளியே இருப்பதில் மட்டும் கூடவே டெய்லரும் நிற்கிறார்.