ஒரே ஒரு நீதிபதிக்காக எழுதப்பட்ட சூத்திரம்

அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்களும் அரசியல் அறிவியல் ஆட்களும் 14 வருஷம் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். அந்த ஆள் உச்ச நீதிமன்ற நீதிபதி அந்தோணி கென்னடி. கடைசியில் அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார், கட்டுரைகள் அப்படியே நின்றன. கொஞ்ச நாளாக இந்தக் கதையைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் வக்கீல் இல்லை, கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன், அதனால் என் கண் போகிற இடம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். பதிவு நீளம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தொகுதிக் கோடு. நம்மூரில் தொகுதி மறுவரையறை என்றதும் யாருக்கு எத்தனை சீட்டு கூடும், குறையும் என்ற பேச்சுதான் வரும். அங்கே பெரிய சண்டை கோடு எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதில். 10 வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அந்தக் கட்சியே எல்லையை வரைகிறது. 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி, பல்லி மாதிரி இருக்குமே சாலமாண்டர், அந்த வடிவத்தில் நெளிந்து கிடந்ததாம். இரண்டையும் ஒட்டவைத்து ஜெரிமாண்டர் என்று பத்திரிகையில் கேலி செய்தார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. (அவர் பெயர் கெர்ரி. இன்று எல்லோரும் ஜெரி என்கிறார்கள். மனுஷன் பெயரையும் கோணலாக்கிவிட்டார்கள்.)

1964-ல் உச்ச நீதிமன்றம் தொகுதிகளின் மக்கள்தொகை கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும் என்றாகிவிட்டது, அந்தச் சமக்கணக்குக்குள்ளேயே விளையாட எவ்வளவோ இடம் இருக்கிறது. எதிர்க்கட்சிக்காரர்களை ஒரே தொகுதிக்குள் கொண்டுபோய் அடைத்துவிடலாம், மிச்சம் இருப்பவர்களை நாலாபுறமும் சிதறடித்து எங்கேயும் ஜெயிக்காதபடி செய்யலாம்.

2004-ல் பென்சில்வேனியா வரைபடம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஸ்காலியா எழுதி மூன்று பேர் ஒத்துக்கொண்ட கருத்து இதுதான்: இதை அளக்க அளவுகோல் கிடையாது, நீதிமன்றம் இதில் தலையிடவே கூடாது. இன்னொரு நான்கு பேர் தலையிடலாம் என்றார்கள், ஆனால் எப்படி என்பதில் ஆளுக்கொரு வழி. நடுவில் கென்னடி. இந்த வழக்கைத் தள்ளுகிறேன், ஆனால் கதவைச் சாத்த மாட்டேன், நாளைக்கு யாராவது உருப்படியான அளவுகோலோடு வந்தால் பார்க்கலாம் என்று எழுதிவைத்தார். ஒன்பது பேரில் ஒரு ஆள் விட்ட அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு துறையே ஓட ஆரம்பித்தது.

அந்த ஓட்டத்தில் பிறந்ததுதான் ‘எஃபிஷியன்ஸி கேப்’. அப்போது சிகாகோவில் சட்டம் கற்பித்த நிக்கோலஸ் ஸ்டெபனோபூலஸும், கலிஃபோர்னியாவில் பொதுக்கொள்கை ஆய்வாளரான எரிக் மெக்கீயும் சேர்ந்து 2015-ல் எழுதியது. தமிழில் விரய இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தோற்ற வேட்பாளருக்குப் போட்ட ஓட்டு எல்லாம் விரயம். ஜெயித்தவருக்கும் தேவைக்கு மேல் விழுந்த ஓட்டு விரயம். இரண்டு கட்சிக்கும் இந்த விரயத்தைக் கூட்டி, வித்தியாசத்தை மொத்த ஓட்டால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 5 தொகுதி, தொகுதிக்கு 100 ஓட்டு. அ கட்சிக்கு 250, ஆ கட்சிக்கு 250, சரிபாதி. கோடு போடுவது அ கட்சி. முதல் தொகுதியில் ஆ-வுக்கு 90, அ-வுக்கு 10 வருகிற மாதிரி வளைத்துப் போடுகிறார்கள். மிச்சம் நான்கிலும் அ-வுக்கு 60, ஆ-வுக்கு 40. அ நான்கு இடம், ஆ ஒரு இடம். இப்போது விரயம் பார்ப்போம், ஜெயிக்க 50 போதும் என்று வைத்துக்கொண்டு (51 என்றாலும் பெரிய வித்தியாசம் வராது). ஆ-வுக்கு முதல் தொகுதியில் 40, மற்ற நான்கில் தலா 40, ஆக 200. அ-வுக்கு முதல் தொகுதியில் 10, மற்ற நான்கில் தலா 10, ஆக 50. வித்தியாசம் 150. 500-ல் வகுத்தால் 30 சதவீதம். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு. எனக்கு முதலில் பிடித்துப்போனதே இந்த எளிமைதான்.

சரி, நிஜ ஊருக்கு வருவோம். விஸ்கான்சின் மாநிலம், 2011. மேடிசன் நகரில் சட்டமன்றக் கட்டடத்துக்கு எதிரே ஒரு வழக்கறிஞர் அலுவலகம், அதில் ஒரு அறை, அந்த அறைக்கு ‘மேப் ரூம்’ என்றே பெயர். குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் அங்கே வந்து ரகசியம் காப்போம் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, தங்கள் தொகுதிக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். வரைந்தவர்கள் ஒவ்வொரு மாதிரி வரைபடத்துக்கும் விரிதாளில் வைத்திருந்த பெயர்களில் ஒன்று ‘அசர்ட்டிவ்’, இன்னொன்று ‘அக்ரசிவ்’. பிற்பாடு வழக்கில் இதெல்லாம் வெளியே வந்தது. இன்னொரு விஷயம், எந்த வரைபடம் எத்தனை இடம் தரும், ஓட்டு கொஞ்சம் சரிந்தால் எத்தனை தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொடுக்க ஒக்லஹோமாவிலிருந்து ஒரு அரசியல் அறிவியல் பேராசிரியரையே வரவழைத்திருந்தார்கள். 2012 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு மாநிலம் முழுக்க 48.6 சதவீத ஓட்டு, 99 இடத்தில் 60 இடம். விரய இடைவெளி 13 சதவீதம்.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் வில்லியம் விட்ஃபோர்ட், ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர். 2016-ல் கீழே இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் 2-1 என்று வரைபடத்தைத் தள்ளியது. அப்பீல் மேலே போனது. 2017 அக்டோபர் 3 அன்று வாதம். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் இந்தக் கணக்கைப் பற்றிச் சொன்ன வார்த்தை ‘சோஷியலாஜிக்கல் காபிள்டிகூக்’. சமூகவியல் உளறல் என்று சொல்லலாம். என் படிப்பு அப்படி என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவர் கோபப்பட்டு அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும் என்கிற கணக்கு அது. வருமான வரியில் தேய்மானம் போடுவது இதைவிடச் சிக்கல், அதையெல்லாம் நீதிமன்றங்கள் தினம் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ராபர்ட்ஸுக்குச் சட்ட ஆய்விதழ்கள் மீது ஒரு இளக்காரம் எப்போதுமே உண்டு. 2011-ல் ஒரு கூட்டத்தில், எந்த ஆய்விதழைப் பிரித்தாலும் முதல் கட்டுரை 18-ம் நூற்றாண்டு பல்கேரியாவின் சாட்சியச் சட்டத்தில் தத்துவஞானி கான்ட்டின் தாக்கம் என்கிற மாதிரிதான் இருக்கும் என்று நக்கல் அடித்தார். ஓரின் கெர் என்ற பேராசிரியர் 2015-ல் அதே தலைப்பில் நிஜமாகவே ஒரு குட்டிக் கட்டுரை எழுதி, தாக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை என்று முடித்தார். அந்த ஆய்விதழ்களைப் பெரும்பாலும் நடத்துவது சட்டக் கல்லூரி மாணவர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

2018 ஜூன் 18 அன்று தீர்ப்பு. அளவுகோல் சரியா தப்பா என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. உங்கள் சொந்தத் தொகுதியில் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று காட்டவில்லை, வழக்குப் போடும் தகுதி நிரூபணமாகவில்லை, திரும்பிப் போங்கள் என்றுவிட்டது. ஒன்பது நாள் கழித்து ஜூன் 27 அன்று கென்னடி ஓய்வு அறிவித்தார். அதற்குச் சரியாக ஒரு வருஷம் கழித்து, 2019 ஜூன் 27 அன்று, வட கரோலினா, மேரிலேண்ட் வழக்குகளில் 5-4 தீர்ப்பு: இது அரசியல் கேள்வி, கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இதில் வேலை இல்லை. எழுதியவர் ராபர்ட்ஸ்.

அந்த வட கரோலினா வழக்கின் விவரம் படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். மாநிலச் சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சி உறுப்பினர் டேவிட் லூயிஸ் வெளிப்படையாகவே சொன்னார், 13 இடத்தில் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3 வருகிற மாதிரி வரையலாம் என்கிறேன், ஏனென்றால் 11-க்கு 2 வரைய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை என்று. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அப்புறம் ஜோவே சென் என்ற மிச்சிகன் பேராசிரியர் கம்ப்யூட்டரில் 3,000 வரைபடம் போட்டுக் காட்டினார், மாநிலத்தின் மற்ற எல்லா விதிகளையும் மதித்து, கட்சிக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு. 3,000-லும் ஜனநாயகக் கட்சிக்கு நிஜ வரைபடத்தைவிட குறைந்தது ஒரு இடமாவது கூடுதலாக வந்தது. நீதிபதி எலினா கேகன் தன் மாறுபட்ட தீர்ப்பில் இந்த எண்ணையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, ஆழ்ந்த வருத்தத்தோடு மாறுபடுகிறேன் என்று முடித்தார்.

ஒரு கட்சி யோக்கியம், இன்னொன்று மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மேரிலேண்டில் இதையே செய்தது ஜனநாயகக் கட்சி. 6-வது தொகுதியிலிருந்து சுமார் 3.6 லட்சம் பேரை வெளியே தள்ளி, 3.5 லட்சம் பேரை உள்ளே கொண்டுவந்தார்கள். எண்ணிக்கையைச் சரிக்கட்ட இவ்வளவு ஆட்களை நகர்த்தத் தேவையே இல்லை. பல வருஷமாக ஜெயித்துவந்த குடியரசுக் கட்சிக்காரர் அடுத்த தேர்தலில் காலி.

இப்போது என் அபிப்பிராயம். விரய இடைவெளியில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். மில்வாக்கி, மேடிசன் மாதிரி நகரங்களில் ஒரு கட்சி ஆட்கள் தாங்களாகவே குவிந்து குடியிருக்கிறார்கள், கோடு நேர்மையாகப் போட்டாலும் அங்கே விரயம் வரத்தான் செய்யும். இதை 2013-லேயே எழுதியவர்களில் மேலே சொன்ன சென்னும் ஒருவர். அதனால்தான் அவருடைய 3,000 வரைபட முறை எனக்கு இன்னும் நல்லதாகப் படுகிறது, ஊர் அமைப்பால் எவ்வளவு, கைவரிசையால் எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அளவுகோலே கிடையாது என்ற பேச்சைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த மேப் ரூமில் இருந்தது என்ன? பேராசிரியர், புள்ளியியல், இத்தனை சதவீதம் சரிந்தாலும் இத்தனை இடம் நிற்கும் என்ற பட்டியல். தப்பு செய்தவன் கையில் தராசு இருக்கிறது, அதில் நிறுத்துதான் வேலையே செய்திருக்கிறான், நீதிபதி மட்டும் உலகத்தில் தராசே இல்லை என்கிறார். தணிக்கைக்குப் போன இடத்தில் ஒரு கம்பெனி ‘அக்ரசிவ்’ என்று பெயர் போட்டு ஒரு விரிதாள் வைத்திருந்தால், எத்தனை ரூபாய்க்கு மேல் போனால் மோசடி என்று எனக்கு யாரும் சூத்திரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேராசிரியர்கள் மீதும் வருத்தம் உண்டு. அளவுகோல் கிடைத்தால் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னதை அப்படியே நம்பினார்கள். கென்னடியின் வாசகங்களை ஜோசியர் கட்டம் பார்ப்பதுபோல எழுத்தெண்ணிப் படித்து, அவருக்குப் பிடிக்கும் பதத்தில் சமைத்தார்கள். அவர் எழுந்து போனதும் இலையில் உட்கார ஆள் இல்லை. ராபர்ட்ஸ் வேறு, மாநில நீதிமன்றம் இருக்கிறது, கட்சிகளுக்குப் பதிலாகக் கோடு போடும் சுயேச்சை ஆணையம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று 2019 தீர்ப்பில் கை காட்டினார். அரிசோனா மக்கள் ஓட்டுப் போட்டு அமைத்த அதே மாதிரி ஆணையம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2015-ல் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதும் இதே ராபர்ட்ஸ்தான்!

மாநில நீதிமன்றமும் லேசுப்பட்ட வழி இல்லை. வட கரோலினாவில் மாநில உச்ச நீதிமன்றம் 2022-ல் வரைபடத்தைத் தள்ளியது, அந்தத் தேர்தலில் 14 இடம் 7-7 என்று பிரிந்தது. அதே தேர்தலில் நீதிபதிகளும் மாறினார்கள் (அங்கே நீதிபதிக்கும் தேர்தல்), 2023-ல் புது பெரும்பான்மை பழைய தீர்ப்பைத் தூக்கிப்போட்டது, 2024-ல் குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. இடையில் மாநிலத்தில் மக்கள் மனசு பெரிதாக மாறிவிடவில்லை. 2025 ஆகஸ்டில் டெக்ஸஸ், கணக்கெடுப்புக்கெல்லாம் காத்திருக்காமல், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாகக் கிடைக்கும்படி வரைபடத்தைத் திருத்தியது. சுயேச்சை ஆணையத்துக்குப் பெயர்போன கலிஃபோர்னியா, நவம்பரில் மக்கள் ஓட்டெடுப்பு நடத்தி அந்த ஆணையத்தின் வரைபடத்தையே தற்காலிகமாக ஓரம்கட்டிப் பதிலடி கொடுத்தது. கோபம் புரிகிறது, ஆனால் எனக்கு அது ரசிக்கவில்லை.

விஸ்கான்சினில் என்ன ஆயிற்று என்றால், 2011 வரைபடத்தையே அடியொற்றிப் போட்ட அடுத்த வரைபடத்தில் குடியரசுக் கட்சி 2022-ல் 64-35 வரை போய்விட்டது. ஆனால் நீதிபதி தேர்தல் மாநிலம் முழுக்க நடப்பது, அதற்குத் தொகுதிக் கோடு கிடையாது. 2023 ஏப்ரலில் ஜேனட் புரோட்டசேவிட்ஸ் ஜெயித்து மாநில உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை மாறியது. டிசம்பரில் 4-3 தீர்ப்பு. வரைபடம் விழுந்தது விரய இடைவெளியாலும் இல்லை, 3,000 வரைபடத்தாலும் இல்லை. தொகுதியின் நிலப்பரப்பு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பில் பழைய காலத்திலிருந்தே ஒரு வரி இருக்கிறது. 99 தொகுதியில் குறைந்தது 50 தொகுதிகளில் தீவு மாதிரித் துண்டுகள் தனியாகக் கிடந்தன. அதைச் சொல்லியே தள்ளிவிட்டார்கள். மாற்று வரைபடங்களை எடைபோட மட்டும் இரண்டு பேராசிரியர்களைக் கூப்பிட்டார்கள். 2024 தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 54, ஜனநாயகக் கட்சிக்கு 45.