“என்ன பண்றீங்க?”

யாரைக் கேட்டாலும் பதவிப் பெயரைத்தான் சொல்கிறார்கள். 1954-இல் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், “நான் யார்?” என்ற கேள்விக்கு 20 பதில் எழுதச் சொல்லும் சோதனையை வெளியிட்டார்கள். எழுதிப் பாருங்கள். பதவி, கம்பெனி, அனுபவம் என்று நாலு வரி ஓடும். அப்புறம் பேனா நகராது! வேலையைத் தாண்டி நாம் யார் என்று தெரிய, அந்த வேலை வரிகளை அடித்துவிட்டு, மிச்ச இடத்தை நிரப்ப வேண்டியதுதான். ஒரே நாளில் வராது, வாரக்கணக்கில் இழுக்கும்.

சரி, பொழுதுபோக்கு ஒன்று பிடித்தாலாவது நிம்மதியா? ஓடினால் கைக்கடிகாரம் அடி எண்ணுகிறது. வரைந்தால் “விற்கலாமே” என்கிறார்கள். இலக்கு, கெடு எல்லாம் வந்ததும் அதுவும் ஆபீஸ்தான். வாரம் அரை மணி, கணக்கில்லாமல், யாருக்கும் காட்டாமல், மோசமாகவே செய்யலாம். அதற்கும் “எவ்வளவு முன்னேற்றம்?” என்பார்களே!