10 வயது ஊசியில் கக்குவான் தடுப்பு இல்லை

"கைக்குழந்தையில் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குக் கக்குவான் இருமல் வரவே வராது; 10 வயதில் பள்ளியில் போடும் ஊசியும் அதற்குத்தான்" என்று சொல்லப்படுவதில் இரண்டு பகுதிகளுமே தவறு. இந்திய அரசின் அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும், பின்னர் 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் 5 முதல் 6 வயதிலும் முத்தடுப்பு (கக்குவான், ரணஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊக்கத் தவணைகளும் போடப்படுகின்றன. இவற்றால் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானது என்றாலும், சில ஆண்டுகளில் அது படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. (பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் அந்த ஐந்து வயதுத் தவணையே விடுபட்டுப் போவதும் உண்டு.) 10, 16 வயதுகளில் போடப்படும் டிடி (Td) ஊசி ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டுக்கு மட்டுமே உரியது, கக்குவானுக்கான கூறும் சேர்ந்த டிடேப் (Tdap) ஊசி வேண்டுமென்றால் குழந்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வாரக்கணக்கில் நீண்டு வாந்தியில் முடியும் இருமலை, தடுப்பூசி அட்டையைக் காட்டி ஒதுக்கிவிடக் கூடாது. பள்ளி மாணவருக்கு அது பெரும்பாலும் நெடுநாள் தொல்லையாகக் கடந்துபோகலாம்; முதல் தவணைகூடப் பெறாத வீட்டுக் கைக்குழந்தைக்கோ, இருமல் அதிகமில்லாமலேயே மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. மருத்துவர் தரும் உரிய ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கி 5 நாள் முடியும்வரையும், மருந்து எடுக்காவிடில் இருமல் தொடங்கியதிலிருந்து 3 வாரமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.