ஜூஸ் கடைச் சக்கை மட்டும் போட்டால் முயல் வளருமா?

"ஜூஸ் கடையில் மிஞ்சும் பழச்சக்கையை மட்டும் போடுங்கள், தீவனச் செலவே இல்லை" என்று முயல் வளர்ப்போரிடையே ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. முயலின் குருட்டுக்குடல் நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் இடம். அங்கே சர்க்கரை அதிகம் போனால் வயிறு உப்பும், கழிச்சல் வரும். பால் மறந்த குட்டிகள் சட்டென்று செத்துப்போகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஈரச்சக்கையோ வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். பூஞ்சணம் பிடித்தால் குப்பைக்குத்தான்.

சரி, சக்கையே ஆகாதா? ஆகும். ஆப்பிள் சக்கையை மொறுமொறுவெனக் காயவைத்து அரைத்து, அடர்தீவனத்தில் (தானியம், புண்ணாக்கு கலந்த தீவனம்) 10 சதவீதம் போலச் சேர்க்கலாம். புல் வழக்கம்போல வேண்டும். ஆப்பிள் சக்கையில் புரதம் 5-6 சதவீதம்தான், வளரும் முயலுக்கோ சுமார் 16 சதவீதம் தேவை. அந்தக் குறையை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் புண்ணாக்கும்தான் ஈடுகட்டும்.