தீவுக்குப் போற வழியில் ஒரு ஊர்

தாய்லாந்து போய்விட்டு வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான். "தீவு எப்படி இருந்துச்சு?" கோ சாமுய் நல்லாத்தான் இருந்தது. கடல் நீலம், மணல் வெள்ளை, விலை மட்டும் நெஞ்சைப் பிடிக்கும். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுத வருவது, அந்தத் தீவுக்குப் படகு ஏறப் போன சூரத் தானியைப் பற்றி. போகிறவர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்காத ஊர். நாங்களும் பார்ப்பதாக இல்லை.

பாங்காக்கில் ராத்திரி ரயில் ஏறினோம். ஏறக்குறைய 650 கிலோமீட்டர், நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போகிற தூரம்தான். ரயில், பஸ், படகு மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ரயில் மூன்று மணி நேரம் லேட். இறங்கினால் பஸ் போய்விட்டது. கவுன்டரில் இருந்த பெண் அழகாகச் சிரித்து, நாளைக் காலை என்று கையால் காட்டினார். மச்சினன் டிக்கெட்டை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டான். அவர் இன்னும் அழகாகச் சிரித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. சூரத் தானி ரயில் நிலையம் சூரத் தானியில் இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி புன்பின் என்ற ஊரில் இருக்கிறது. கார் ஏற்றும் பெரிய ஃபெர்ரிகளும் ஊரிலிருந்து கிளம்புவதில்லை, கிழக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் போனால் டோன்சாக், அங்கிருந்துதான். ஆக, 'சூரத் தானி வழியாகத் தீவுக்குப் போனேன்' என்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஊர் மண்ணை மிதித்தே இருக்க மாட்டார்கள். நம்ம ஊருக்கு வருகிறவர்களும் இப்படித்தானே. ஜங்ஷனில் இறங்கி, அரை கிலோ அல்வாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்கோ குற்றாலத்துக்கோ பஸ் ஏறிவிட்டு, 'திருநெல்வேலி பார்த்தாச்சு' என்பார்கள். அந்தக் கடுப்பு எனக்கு எப்போதும் உண்டு. நானே அதே வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறேன் என்பது புன்பின்னில் நிற்கும்போதுதான் உறைத்தது.

சூரத் தானி ஊருக்குள்ளே போனால், இன்னமும் பழைய பெயரான பான் டோன் என்றுதான் சொல்கிறார்கள். 1915-இல் ஆறாம் ராமா என்கிற வஜிராவுத் மன்னர் வைத்த பெயர் சூரத் தானி. நம்ம குஜராத் சூரத்தை நினைத்து வைத்தது. சூரத்துக்குத் தபதி ஆறு இருக்கிறதே என்று, அங்கே ஓடிய ஆற்றுக்கும் தாபி என்று பெயர் மாற்றிவிட்டார். இதைக் கேட்டு மச்சினன் சிரித்தான். சிரிக்க என்ன இருக்கிறது? இலங்கைக்குப் பழைய பெயர் தம்பபண்ணி. அது எந்த ஆற்றின் பெயர் என்று தாமிரபரணித் தண்ணி குடிக்கிறவனுக்குச் சொல்ல வேண்டுமா? சூரத் தானி இருக்கிற மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் தகுவா பாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்லும் கல்வெட்டு. பெயரும் ஆளும் கடல் தாண்டுவது புதுசில்லை.

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போனோம். தாபி பார்க்க அப்படி ஒன்றும் அழகில்லை. செம்மண்ணைக் கரைத்துவிட்டது மாதிரி கலங்கல், கரையெல்லாம் டீசல் வாடை. தண்ணீரை மட்டும் வைத்துச் சொன்னால் பாபநாசத்துப் பக்கம் நிற்க முடியாது. ஆனால் ஊர் அந்த ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கடை, கோயில், சந்தை, படகுத்துறை எல்லாம் கரையில். நடு ஆற்றில் கோ லாம்பு என்று ஒரு திட்டு, அதைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். பாலம் தாண்டிப் போய் வயசாளிகள் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். எனக்கு நம்ம ஊர்த் தாமிரபரணிக் குறுக்குத்துறை ஞாபகம் வந்தது. அங்கே வெள்ளம் வந்தால் கோயில் முழுகுவதைப் பாலத்தில் நின்று போட்டோ எடுக்க எல்லோரும் வருவோம். மற்ற நாளில் சாக்கடை கலக்கிற இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துவோம்.

இருட்டியதும் சின்னப் படகில் கால்வாய்க்குள் கூட்டிப்போனார்கள். லாம்பு என்பது அங்குள்ள ஒரு மரம், நம்ம பிச்சாவரத்து அலையாத்தி மாதிரி சேற்றில் நிற்பது. அதில் மின்மினி மொய்த்துக் கிடந்தது. படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். மச்சினன் போனை எடுத்தான், ஒன்றும் பதியவில்லை, உள்ளே வைத்துவிட்டான். அன்று முழுக்க அவன் செய்த நல்ல காரியம்.

கால்வாய் ஓரமெல்லாம் ஒருவகைப் பனை. ஓலை இருக்கிறது, மரம் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து நேராக மட்டை கிளம்புகிறது. பனங்காட்டு ஊரில் பிறந்தவனுக்கு அது தலையை மட்டும் வெளியே விட்டுக் குளிக்கிற பனைமரம் மாதிரி இருந்தது. அந்த ஓலையில் ஒரு பலகாரம் செய்கிறார்கள், கனோம் சாக் என்று பெயர். ஒட்டரிசி மாவு, தேங்காய்த் துருவல், பனைச்சர்க்கரை. ஓலைக்குள் நீளமாக வைத்து மடித்து, இரண்டு முனையையும் குச்சியால் குத்தி, கரி அடுப்பில் வாட்டுகிறார்கள். ராத்திரிச் சந்தையில் ஒரு அம்மாள் சுடச்சுடக் கையில் கொடுத்தார். ஓலையைப் பிரித்தேன். கார்த்திகை தீபத்தன்று எங்கள் வீட்டு அடுப்படியில் வரும் அதே வாசனை. ஓலைக்கொழுக்கட்டை! நாம் அவிப்போம், அவர்கள் சுடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு தின்றேன். பக்கத்துக் கடையில் ரம்புட்டான் குவித்திருந்தது, அந்த மாவட்டத்து நா சான் ரம்புட்டானுக்கு அங்கே பெரிய பேர். குற்றாலத்தில் சீசனுக்கு விற்பதைவிடச் சதை தடிமன். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகவில்லை. "அத்தான், டிக்கெட் காசு போவுமே" என்றான். "போட்டும்லே" என்றேன். இன்னொரு பகல் அங்கேயே சுற்றிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்குப் பான் டோன் துறையிலிருந்தே கிளம்பும் படகில் ஏறினோம். அது சரக்குப் படகு, ஆளையும் ஏற்றிக்கொள்ளும். கீழே முட்டை அட்டை, முட்டைக்கோஸ் மூட்டை, இரண்டு பைக். மேலே நீளமான கூடத்தில் தரையோடு தரையாக மெத்தைகள், சுவரில் நம்பர். எனக்கு இந்தப் பக்கம் மச்சினன், அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாட்டுத் தாடிக்காரன். ஆறு முடிந்து கடல் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை, படகு ஆட ஆரம்பித்ததில் தெரிந்தது. தீவுக்கு மறுகரையில் நின்று யோசித்தால், அந்தத் தீவு சாப்பிடுகிற முட்டையும் முட்டைக்கோஸும் இந்த ஊர் அனுப்புவதுதான்.

புரட்டாசி, ஐப்பசி வாக்கில் போனால் சக் ஃப்ரா திருவிழா பார்க்கலாமாம். புத்தர் சிலையைத் தேரில் வைத்து ஊரே வடம் பிடிக்குமாம், ஆற்றிலும் படகுத்தேர் இழுப்பார்களாம். ஆனித் தேரோட்டம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? நாங்கள் போனது ஆகஸ்டில்.

திரும்பும்போது பான் டோனில் மறுபடி இறங்கி, கனோம் சாக் பத்து வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் ஆகிக் கொஞ்சம் விறைத்துப்போயிருந்தது. ஆச்சி ஓலையைப் பிரித்து, முகர்ந்து, ஒரு விள்ளல் வாயில் போட்டு மென்றாள்.

"கருப்பட்டி காணாது. இதுக்கா பிளேன்ல போனிய?"